சாஸ் பாட்டிலை அழுத்தினால் முதலில் தண்ணீர்தான் வருகிறது, என்ன செய்வது?

என் மகனுக்குத் தோசைக்குத் தக்காளி சாஸ் வேண்டும். பாட்டிலை அழுத்தினால் முதலில் புளிப்புத் தண்ணீர் கொட்டித் தோசை நனைந்துவிடுகிறது. அப்புறம் ஒன்றும் வராது. இன்னும் அழுத்தினால் 'புர்ர்' என்று சட்டைவரை தெறிக்கிறது. தீர்ந்த பாட்டிலைக் கத்தரியால் வெட்டினேன். உள்ளே இரண்டு கரண்டி சாஸ்! காசு கொடுத்து வாங்கியதைத் தூக்கிப்போட மனசு வரவில்லை.

அதைவிட வருத்தம் மூடிக்கு அடியில் ஒட்டியிருக்கும் தாள். அம்மாவுக்கு விரல் மூட்டு வலி. அந்தச் சின்ன நுனியைப் பிடித்து உரிக்க முடியாமல், நான் வேலைவிட்டு வரும்வரை காத்திருக்கிறார்.

பதில் 1: அந்தத் தண்ணீர் கெட்டது இல்லை அக்கா. கூழிலிருந்து பிரிந்த தக்காளிச் சாறுதான். மூடியோடு நன்றாகக் குலுக்குங்கள், கலந்துவிடும். சாஸ் அசைந்தால் இளகும், சும்மா இருந்தால் கெட்டியாகும். அதனால்தான் முதலில் அடம்பிடித்துவிட்டு ஒரேயடியாக வந்து விழுகிறது.

பதில் 2: துளையில் காய்ந்த சாஸ் அடைத்திருந்தாலும் தெறிக்கும். மூடியைக் கழற்றி வெந்நீரில் ஊறவையுங்கள். தீரப்போகும்போது தலைகீழாக நிறுத்துங்கள். அப்படியும் ஒட்டியிருப்பதில் கொஞ்சம் வெந்நீர் விட்டுக் குலுக்கி, நான் வெங்காய மசாலாவில் ஊற்றிவிடுவேன்.

பதில் 3: அம்மாவுக்கு ஒரு வழி. தாளை உரிக்க வேண்டாம். கழுவிய முள்கரண்டியால் நடுவில் குத்தி, ஓரமாக நெம்பச் சொல்லுங்கள். என் மாமியார் அப்படித்தான் திறக்கிறார்.

கேட்டவர்: முள்கரண்டி வேலை செய்தது! அம்மாவே திறந்துவிட்டார். ரொம்ப நன்றி.