ஒற்றைக் கையால் மிதவை விட்டவர்கள் இருக்கிறீர்களா?

திருநகரிலிருந்து:

இடது கை எனக்கு இருக்கிறது, சொன்ன பேச்சைத்தான் கேட்பதில்லை. 2015இல் பைக்கிலிருந்து விழுந்தபோது கழுத்துக்கும் தோளுக்கும் நடுவே ஓடும் நரம்புகள் அறுந்துவிட்டன. ஸ்கூபா (காற்றுச் சிலிண்டரோடு கடலுக்குள் முங்குவது) பழகியதே அதற்குப் பிறகுதான் என்றால் சிரிக்கிறார்கள். "மதுரையில் தெப்பக்குளத்தை விட்டால் ஏதப்பா தண்ணீர்?" என்பார்கள். பக்கத்துக் கடல் என்றால் மண்டபம்தான். அங்கே 21 தீவுகளும் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா. நினைத்த மாத்திரத்தில் போய் முங்கிவிட முடியாது. அதனால் வருடத்துக்கு நான்கைந்து முறை இரவு பஸ் பிடித்துப் புதுச்சேரி போகிறேன்.

கேட்க வந்தது மிதவை பற்றி. தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: மேலே வருவதற்கு முன் ஐந்து மீட்டர் ஆழத்தில் மூன்று நிமிடம் நிற்பது வழக்கம். நாம் அங்கே இருக்கிறோம் என்பது படகுக்காரருக்குத் தெரிய வேண்டும். அதற்காக நீளமான ஆரஞ்சு நிறப் பை ஒன்றில் தண்ணீருக்குள்ளேயே காற்றடைத்து, நூலில் கட்டி மேலே அனுப்புகிறோம். அதுதான் மிதவை. இரண்டு கை உள்ளவர்களுக்கு இது இரண்டாம் வகுப்புக் கணக்கு. ஒரு கையில் நூல் சுற்றிய ஸ்பூல், மறு கையில் உபரி ரெகுலேட்டர் (சிலிண்டர் காற்றை வாய்க்குத் தரும் கருவி, கூடுதலாக ஒன்று இருக்கும்), பையின் வாயில் வைத்து ஓர் அமுக்கு. எனக்கோ ஸ்பூல், பை, ரெகுலேட்டர் மூன்றையும் ஐந்து விரல்கள் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். நடுவில் மிதவைச் சட்டையிலிருந்து (காற்றை ஏற்றி இறக்கி மிதப்பைச் சரிசெய்யும் மேற்சட்டை) காற்றையும் விட வேண்டும். அதற்கான பொத்தான் இடது தோளிலிருந்துதான் தொங்குகிறது. (வலது தோளில் கயிற்றை இழுத்தால் காற்று போகும் சட்டையாகத் தேடி வாங்கியதில் அந்த ஒரு தலைவலி தீர்ந்தது.) போதாக்குறைக்கு, செயலற்ற கை தண்ணீரில் சும்மா இராது. மெல்ல எழும்பி முகத்துக்கு நேரே வந்து நிற்கும், வகுப்பில் சந்தேகம் கேட்க எழுந்த பையனைப் போல. இப்போது அதை இடுப்புப் பட்டைக்குள் செருகிவிடுகிறேன்.

முதலில் பயிற்சி தந்த இடத்தில் ஒரு யோசனை சொன்னார்கள்: ஸ்பூலை மணிக்கட்டில் கட்டிக்கொள், விரல்கள் மிச்சமாகும். கட்டிக்கொண்டேன். எட்டு மீட்டரில் பை கிளம்பியது. நூல் சரசரவென்று நான்கைந்து சுற்று ஓடியது, அடுத்த சுற்று கீழ்ச்சுற்றுக்குள் புதைந்து நின்றுவிட்டது. தூண்டிலில் மாட்டிய கெண்டை மாதிரி மேலே போனேன். பையில் ஐந்து லிட்டர் காற்று இருந்தால் ஏறக்குறைய ஐந்து கிலோ இழுப்பு. ஏற ஏறக் காற்று விரியும், இழுப்பும் கூடும். மூச்சை அடக்கினால் நுரையீரல் கிழியும் என்று படித்தது மட்டும் ஞாபகம் இருந்ததால் 'ஆ' என்று கத்திக்கொண்டே போனேன். மேலே வந்து பார்த்தால் மணிக்கட்டைச் சுற்றி வளையல் போல ஒரு சிவப்புக் கோடு. மிதவையை உடம்பில் கட்டாதே என்பது எல்லோருக்கும் சொல்லித் தரும் பாடம்தான். ஒரு கைக்காரனுக்கு மட்டும் அதை ஏன் தளர்த்தினார்கள் என்ற கோபம் இன்னும் ஆறவில்லை. கட்டியதை அவிழ்க்க இன்னொரு கை வேண்டும். அது இல்லை என்பதுதானே என் பிரச்சினையே!

ஊர் திரும்பி, அலங்காநல்லூர்ப் பக்கம் அக்கா வீட்டுத் தோட்டக் கிணற்றில் ஒத்திகை பார்த்தேன். நான் படியில் இடுப்பளவுத் தண்ணீரில் ஸ்பூலோடு நிற்பேன். நூலைக் கப்பியில் போட்டு அக்கா மகன் மேலேயிருந்து வெடுக்கென்று இழுப்பான். நூலைச் சுற்றித் தருவதும் அவன்தான். எனக்குத் தெரியாமல் எங்காவது ஒரு முடிச்சைப் புதைத்து வைக்க வேண்டும் என்பது ஏற்பாடு. முடிச்சு வந்து ஸ்பூல் வெட்டி இழுக்கும் அந்த நொடியில் விரல்கள் தாமாக விரிய வேண்டும். முதல் நாள் இறுகத்தான் செய்தன. கையை விட்டுப் போகிற பொருளை இறுக்கிப் பிடிப்பதுதானே பிறந்ததிலிருந்து பழக்கம். நான்காவது ஞாயிற்றுக்கிழமைதான் யோசிக்காமல் விரிந்தன.

காற்றடைக்க உபரி ரெகுலேட்டரைப் பயன்படுத்துவதையே விட்டுவிட்டேன். அடிவாய் திறந்த பை வைத்திருக்கிறேன். கட்டைவிரலும் நடுவிரலும் ஸ்பூலைப் பிடிக்க, மற்ற விரல்களில் பையின் வாயைத் தொங்கவிட்டு, வலது கன்னத்துக்கு மேலே கொண்டுவருகிறேன். தலையை இடப்பக்கம் சாய்த்து மூச்சு விட்டால் குமிழிகள் வலப்பக்கமாகத் திரண்டு பைக்குள் போகின்றன. பத்து மீட்டரில் ஐந்து லிட்டர் சேர்ந்தால் போதும், மேலே போய்ச் சேரும்போது அது பத்து லிட்டர் ஆகிவிடும். பெரிய மூச்சாக இரண்டு விட்டால் சரி.

இரண்டு தொல்லைகள் பாக்கி. பையின் வாய் ஒட்டிக்கொள்கிறது, பாதிக் குமிழி வெளியே போகிறது. இன்னொன்று, மேலே ஏறும்போது நூலைச் சுற்றுவது. பட்டவர்கள் எழுதுங்கள்.

மேலூரிலிருந்து:

நான் கடலில் முங்குபவன் அல்லன் தம்பி, தார்ப்பாய் தைப்பவன். போன வருடம் ஒருவர் இதே மாதிரிப் பையைக் கொண்டுவந்து, வாயில் வளையம் வைத்துத் தர முடியுமா என்று கேட்டார். ஊசி பட்டால் ஓட்டை, ஓட்டை விழுந்தால் காற்று நிற்காது, முடியாது என்று திருப்பி அனுப்பினேன். ராத்திரி படுத்தபிறகுதான் உறைத்தது: அடியில் திறந்திருக்கிற பைக்கு அடி ஓரத்தில் ஓட்டை விழுந்தால் என்ன? காற்று மேலேதானே நிற்கிறது! மறுநாள் கூப்பிட்டுச் செய்துகொடுத்தேன்.

சொட்டுநீர்ப் பாசனத்தில் செடிக்குச் செடி போகும் மெல்லிய கறுப்புக் குழாய் இருக்கிறதல்லவா, அதுதான் வளையம். வாய் ஓரத்தை ஒரு விரல் அகலம் மடித்துத் தைத்து, பாவாடைக்கு நாடா கோப்பது போலக் கோத்துவிட வேண்டும். சுருட்டி வைத்தாலும் விட்டவுடன் விரிந்துகொள்ளும். குழாயில் சூடான ஊசியால் நாலு துளை போடுங்கள், தண்ணீர் உள்ளே போகட்டும். தப்பித்தவறிக்கூட மேல்பக்கம் ஊசி போடாதீர்கள். அங்கே கிழிந்தால் சைக்கிள் டியூபுக்கு ஒட்டும் சொல்யூஷன் சில நாள் தாங்கும், நம்ப முடியாது.

சோழவந்தானிலிருந்து:

ஓய்வு பெற்ற உடற்கல்வி ஆசிரியர். கிணற்றில் சுரைக்குடுக்கை கட்டி எத்தனையோ பிள்ளைகளுக்கு நீச்சல் கற்றுக்கொடுத்திருக்கிறேன். குடுக்கையை முதுகில் கட்டுவோம், கயிற்றின் மறுமுனை என் கையில். எதற்கு இத்தனை பாடு? கூட ஒருவர் வருகிறார் அல்லவா, மிதவையை அவரே விடட்டுமே. பிடிவாதத்துக்கும் தைரியத்துக்கும் வித்தியாசம் உண்டு தம்பி.

செல்லூரிலிருந்து:

சார் கேட்டது நியாயமான கேள்வி. நானும் அப்படித்தான் இருந்தேன். பிறவியிலேயே எனக்கு வலது முழங்கைக்குக் கீழே கை கிடையாது. உடற்குறை உள்ளவர்களுக்கென்றே 1981இல் அமெரிக்காவில் தொடங்கிய ஸ்கூபா சங்கம் ஒன்று உண்டு. அங்கே குறையைப் பார்த்துத் தரம் பிரிப்பதில்லை. ஆபத்தில் துணையாளுக்கு உங்களால் உதவ முடியுமா என்று பார்க்கிறார்கள். முடிந்தால் துணைக்கு ஒருவர் போதும், முடியாவிட்டால் இருவர் வேண்டும். மிதவை விடத் தெரியாத நான் எந்தப் பக்கம் என்று யோசித்துப் பார்த்தபிறகுதான் கற்றுக்கொள்ள உட்கார்ந்தேன்.

முருதேஸ்வரத்துக்கு எதிரே நேத்ராணித் தீவில் ஒருநாள் நீரோட்டம் துணையாளைப் பிரித்துவிட்டது. மிதவை விட்டேன். மேலே வந்து பார்த்தால் படகு வேறு பக்கம் போய்க்கொண்டிருக்கிறது. காரணம், பை அரைகுறைக் காற்றோடு படுத்துக் கிடந்தது. நூலைப் பிடித்துக் கீழே இழுத்தேன், பை எழுந்து நின்றது, உடனே படகு திரும்பியது. இழுக்கும் கை ஒன்று போதும், இரண்டு வேண்டியதில்லை.

நூல் சுற்றும் கதைக்கு வருகிறேன். அப்பா கைத்தறி நெசவாளர். ராட்டைச் சத்தத்தில் வளர்ந்த எனக்கு ஸ்பூலைப் பார்த்ததும் சிரிப்பு வந்தது. பிடிக்க ஒரு கை, சுற்ற ஒரு கை என்று கணக்குப் போட்டுச் செய்திருக்கிறார்கள். பட்டம் விடும் பையன்கள் கட்டைவிரலுக்கும் சுண்டுவிரலுக்கும் இடையே எட்டுப் போட்டு நூலைச் சுருட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். அதே வேலைதான். ஒரு சாண் நீளத்தில் பலகை, இரு முனையிலும் மீன் வால் போல ஒரு வெட்டு. ஸ்பூலைக் கொக்கியால் பூட்டித் தொங்கவிட்டுவிடுங்கள். மேலே மிதவை நூலை விறைப்பாகப் பிடித்துக்கொண்டிருக்கிறது. அதுதான் நமக்கு இன்னொரு கை. வெட்டில் நூலை மாட்டி, மணிக்கட்டை இப்படியும் அப்படியும் திருப்பினால் ஒரு திருப்புக்கு ஒரு சாண் நூல் ஏறும். அதே வேகத்தில் நீங்களும் மெல்ல ஏறுவீர்கள். அவசரப்பட்டால் மணிக்கட்டு வலிக்கும், அதுவும் நல்லதுதான். அனுப்புவதற்கு மட்டும் பலகை உதவாது, எட்டுச் சுற்று தடையில்லாமல் ஓடாது.

திருநகரிலிருந்து:

சார், உங்கள் கேள்விக்குச் செல்லூர்த் தங்கை என்னைவிட நன்றாகப் பதில் சொல்லிவிட்டார்.

பலகை செய்துவிட்டேன். வீட்டில் கிடந்த தேக்குத் துண்டு. கிணற்றில் பிடியை விட்டதும் பலகை மேலே மிதந்து, நூலை என் கழுத்தைச் சுற்றிக் கோலம் போட்டுவிட்டது! நடுவில் இரண்டு துளை போட்டு, வலைக்குக் கட்டும் ஈயக் குண்டுகளை அடித்து இறக்கினேன். இப்போது மெல்ல அமிழ்கிறது. மேலூர் அண்ணன் சொன்ன வளையமும் தைத்தாயிற்று. என் தையல் உங்கள் கண்ணில் படாமல் இருப்பதே நல்லது.

நேற்று கண்ணைக் கட்டிக்கொண்டு பத்து முறை விட்டுப் பார்த்தேன். நூலில் ஒரு முடிச்சுதான் போட்டிருப்பதாக அக்கா மகன் சொல்லியிருந்தான். இரண்டு போட்டிருந்தான்.