மசினகுடியில் வனக்காப்பாளராகச் சேரப் போகிறேன், முதல் சில மாதங்களுக்கு யோசனை வேண்டும்

மன்னைப்பொண்ணு:
எல்லாருக்கும் வணக்கம். வைகை அணையில் பயிற்சி முடிந்துவிட்டது. முதுமலை புலிகள் காப்பகத்தில், மசினகுடி பக்கம் ஒரு பீட் (ஒரு காப்பாளர் பொறுப்பில் உள்ள காவல் பகுதி) கொடுத்திருக்கிறார்கள். மாசி மாதம் சேர வேண்டும். எனக்கு ஊர் மன்னார்குடி பக்கம். வயலும் வாய்க்காலும் பார்த்து வளர்ந்தவள், பயிற்சிக்கு முன்னால் காட்டுக்குள் கால் வைத்ததே இல்லை.

சட்டம், வரைபடம், ஜிபிஎஸ் எல்லாம் சொல்லிக் கொடுத்துவிட்டார்கள். என் கவலை வேறு. என்னோடு ரோந்து வரப்போகும் வேட்டைத் தடுப்புக் காவலர்கள் பெரும்பாலும் இருளர், குறும்பர். அதில் ஒருவர் என் அப்பாவைவிட மூத்தவராம். அவர் பிறந்து வளர்ந்த காட்டில் நான் போய் நின்று அவருக்கு உத்தரவு போடுவதா? எப்படிக் கூப்பிடுவது, எப்படி வேலை வாங்குவது? முகாமில் தங்குவதைப் பற்றியும் யாராவது பெண்கள் சொன்னால் நல்லது.

மோயாற்றங்கரை:
வாழ்த்துகள் அம்மணி. நான் வனவரா இருந்து ஓய்வு பெற்றவன். பாதி சர்வீஸ் சீகூர், சிங்காரா, தெங்குமரஹாடா பக்கம்தான்.

அண்ணான்னே கூப்பிடுங்க. அவர் உங்களை மேடம்னுதான் சொல்வார், அதை மாத்தச் சொல்லி வற்புறுத்த வேண்டாம். எந்தத் தடத்துல ரோந்து போகணும்கறது உங்க முடிவு. தடத்துல இறங்கிட்டா அவர் முன்னாடி, நீங்க பின்னாடி. அவர் கையைத் தூக்கினா அப்படியே நின்னுடணும், என்ன ஏதுன்னு வாயைத் திறக்கக் கூடாது. சீகூர்ப் பக்கம் மழை மறைவுக் காடு. முள்ளும் உண்ணிச்செடியும் ஆள் உயரத்துக்கு மண்டிக் கிடக்கும், பக்கத்துப் புதர்ல யானை நின்னாலும் கண்ணுக்குத் தெரியாது. அவங்க குனிஞ்சு ஒரு பிடி புழுதியை அள்ளி விரலிடுக்குல மெல்ல விடுவாங்க. அது பறக்கற திசையை வெச்சுக் காத்து எந்தப் பக்கம்னு பார்த்து வழியை மாத்துவாங்க. சுத்திப் போறமேன்னு அலுத்துக்காதீங்க.

இப்ப நான் முக்கியமா நினைக்கறதைச் சொல்றேன். ரோந்துல பார்த்ததைப் பதிவு பண்ற எம்-ஸ்ட்ரைப்ஸ் செயலி உங்க கையில இருக்கும். பார்த்ததெல்லாம் நீங்க பதிவு பண்ணினதாத்தான் போகும். அதனால டைரியில முதல்ல கண்டது யாருன்னு சேர்த்து எழுதுங்க. "ஆண் புலித் தடம், ஓடை மணல், காலை, கண்டவர் இன்னார்." மாசக் கூட்டத்துல ரேஞ்சர் முன்னாடி அந்தப் பேரை வாய்விட்டுச் சொல்லுங்க. 2021ல ஆளை அடிச்ச டி-23ங்கற புலியை 21 நாள் தேடினாங்க, மசினகுடிக்கே ட்ரோன், கும்கி, மோப்ப நாய்னு எல்லாம் வந்து இறங்கிச்சு. அப்பவும் தரையைப் பார்த்து, இந்தப் பக்கம் போயிருக்குன்னு சொன்னது இந்த மக்கள்தான். அவங்க பேர் காகிதத்துல ஏறணும். நான் வேற எதைச் சொன்னாலும் இதுக்கு அப்புறம்தான்.

இன்னொன்னு. புலி மாட்டை அடிச்சுடுச்சுன்னு தகவல் வந்தா அன்னைக்கே போயிருங்க, மறுநாள் பார்த்துக்கலாம்னு இருக்க வேண்டாம். இழப்பீட்டுக் காகிதம் இழுத்தடிச்சா, ஆத்திரத்துல யாராவது செத்த மாட்டுல விஷம் தடவிடுவாங்க. புலி சாகும், அதோட பாறு கழுகுகளும் கூட்டமாச் சாகும். மோயாறு, சீகூர் ஓரத்து நீர்மருது மரங்கள்ல கூடு கட்டற வெண்முதுகுப் பாறுகள் தமிழ்நாட்டுல மிச்சம் இருக்கறதே அந்தப் பகுதியிலதான் அதிகம். டைக்ளோஃபினாக்னு ஒரு வலி மருந்து, அது போட்ட மாடு செத்து, அதைத் தின்னா பாறு செத்துடும்; 2006லயே அதை மாட்டு வைத்தியத்துக்குத் தடை பண்ணினாங்க. அந்த மருந்துக்குத் தப்பிச்ச பறவை விஷத்துல போகக் கூடாது. வருஷத்துக்கு ஒரு குஞ்சுதான் பொரிக்கும் அம்மணி, போனா ஈடு கட்ட முடியாது.

ஆசனூர்க்காரி:
தங்கச்சி, நான் சத்தியமங்கலம் புலிகள் காப்பகத்துல வனக்காப்பாளர். எங்க ரேஞ்சுல முகாமுக்குப் பெண்கள் ரெண்டு பேராத்தான் போவோம். சேர்ந்த அன்னைக்கே உங்க ரேஞ்சர்கிட்ட இதைக் கேட்டுடுங்க, தயங்க வேண்டாம். முகாமைச் சுத்தி யானை அகழி இருந்தாலும் இருட்டினதும் தனியா வெளிய இறங்கக் கூடாது. தண்ணி, கழிப்பறை எங்க இருக்குன்னு பகல்லயே பார்த்து வெச்சுக்குங்க. நாப்கின் ஒரு மாசத்துக்குக் கூடவே எடுத்துட்டுப் போங்க.

மாசின்னா தீக்காலம். செயற்கைக்கோள் எச்சரிக்கை போனுக்குக் குறுஞ்செய்தியா வரும். ஆனா அந்தப் புள்ளி கிட்டத்தட்ட 375 மீட்டர் சதுரத்தைத்தான் காட்டும், தீ எந்த மூலையிலன்னு நடந்து போய்த்தான் பார்க்கணும். அன்னைக்கு நைலான், பாலியஸ்டர் எதுவும் உடம்புல இருக்கக் கூடாது, சூட்டுல உருகித் தோல்ல ஒட்டிக்கும். பருத்திதான். தீயைப் பச்சைக் குழையால ஓங்கி அடிச்சா தீப்பொறி பறந்து பின்னாடி பிடிச்சுக்கும், அமுக்கித் தேய்ச்சு அணைக்கணும். உங்க கூட வர்ற அண்ணன்மார் கைப்பக்குவத்தைப் பாருங்க, ஒரே நாள்ல புரிஞ்சுடும். உண்ணிக்கு, பேன்ட்டை சாக்ஸுக்குள்ள சொருகிட்டு, திரும்பி வந்ததும் உடம்பு முழுக்கப் பார்த்துக் குளிங்க.

மாவனல்லாத்தம்பி:
அக்கா, எங்க அப்பா அங்கே வேட்டைத் தடுப்புக் காவலர். நாங்க இருளர். மேல ஐயா எழுதினதைப் படிச்சதும் பதில் போடணும்னு தோணுச்சு. அப்பாவுக்குப் படிக்கத் தெரியாது. டைரியில பேர் எழுதினா அதை வாசிச்சும் காட்டுங்க. இடத்துப் பேரை உங்க ஆளுங்க அடிக்கடி தப்பா எழுதுவாங்க, வாசிச்சாத்தான் அப்பா திருத்திச் சொல்ல முடியும். ஓடைக்கு ஓடை எங்களுக்குப் பேர் இருக்கு, மேப்ல பாதி இருக்காது.

அப்புறம், டீ வாங்க, பொட்டி தூக்க அப்பா வயசு ஆளை அனுப்பாதீங்க அக்கா. முகாமுக்கு அரிசி சுமக்கறப்ப நீங்களும் ஒரு பை தூக்குங்க.

மன்னைப்பொண்ணு:
எல்லாருக்கும் நன்றி. தம்பி, கண்டிப்பாக வாசித்துக் காட்டுகிறேன், அரிசிப் பையும் தூக்குவேன், அது எனக்குப் பழக்கம்தான். ஓடைப் பெயர்களுக்கென்று தனியாக ஒரு நோட்டு போடப் போகிறேன். ஐயா, டைரியில் பெயர் மட்டும் எழுதினால் போதுமா?

மோயாற்றங்கரை:
ஊர்ப் பேரையும் சேர்த்து எழுதுங்க அம்மணி. ஒரே முகாம்ல ரெண்டு மாதன், ரெண்டு பொம்மன் இருப்பாங்க.