தாத்தாவின் இங்கிலாந்துத் தங்கக்காசு: உருக்கலாமா, வைத்துக்கொள்ளலாமா?

எஸ்டேட்_பேரன்:
தாத்தா ஏற்காட்டில் ஒரு காபி எஸ்டேட்டில் ரைட்டராக இருந்தவர். அவருடைய சுருக்குப்பையில் வெற்றிலைக் காம்போடு கிடந்த தங்கக்காசு இப்போது என்னிடம் இருக்கிறது. ஒரு பக்கம் சிலுவைக் கேடயம், மறுபக்கம் ஒட்டிய இரண்டு கேடயம், அதில் ஒன்றில் யாழ், மேலே ரோமன் எண்ணில் இருபது, 1653 என்று ஆண்டு. ராஜா தலையைக் காணோம். சேலம் செவ்வாய்பேட்டையில் ஒரு நகைக்கடையில் காட்டினால், கேட்காமலேயே ஓரத்தை உரைகல்லில் தேய்த்துவிட்டு, "22 கேரட்தான், சேதாரம் கழித்துத் தருகிறேன்" என்கிறார். எடை 9.05 கிராம். போலியாக இருக்குமோ?

பழங்காசு_பித்தன்:
தம்பி, உருக்கிவிடாதீர்கள்! ராஜா தலை எப்படி இருக்கும், 1649 ஜனவரியில் முதலாம் சார்லஸின் தலையையே வெட்டிவிட்டார்களே. அப்புறம் 1660 வரை அங்கே ராஜா இல்லாத ஆட்சி, அதற்குப் பெயர்தான் காமன்வெல்த். நிஜமாக இருந்தால் இது யுனைட், அதாவது 20 ஷில்லிங் காசு. லத்தீனைத் தூக்கிவிட்டு 'இங்கிலாந்தின் காமன்வெல்த்', 'கடவுள் நம்மோடு' என்று இங்கிலீஷிலேயே பொறித்தார்கள். கடவுள் ஒரு பக்கம், காமன்வெல்த் மறுபக்கமா என்று ராஜா கட்சிக்காரர்கள் கேலி பேசினார்கள், ஒட்டிய கேடயத்தைப் பார்த்து 'கால்சட்டைக் காசு' என்றும் சொன்னார்கள். 1660இல் முடியாட்சி திரும்பியதும் இவற்றைச் செல்லாததாக்கித் திரும்ப வாங்கினார்கள், அதனால்தான் இத்தனை அரிது. எழுத்து தொடங்கும் இடத்தில் சின்னதாகச் சூரியன் இருக்கிறதா பாருங்கள், அதுதான் காசடித்த சாலையின் அடையாளக் குறி. அதற்குப் பதில் நங்கூரக் குறி 1658இல்தான் வந்தது, உங்கள் ஆண்டில் அது இருந்தால் சந்தேகமே வேண்டாம், போலி.

கொலுசுப்_பட்டறை:
எனக்குக் காசு தெரியாதுங்க, வார்ப்பு தெரியும். எடையும் கேரட்டும் சரி என்பதை மட்டும் நம்பாதீர்கள், நல்ல தங்கத்திலேயே போலி செய்யலாம். லென்ஸ் வைத்து விளிம்பைப் பாருங்கள். சுற்றிலும் மெல்லிய கோடு, தளத்தில் ஊசிக்குத்து மாதிரி குழி இருந்தால் அது தங்கத்தை உருக்கி அச்சில் ஊற்றி வார்த்த போலி. சுத்தியலால் அடித்த காசு கொஞ்சம் நெளிந்து, வட்டம் கோணலாகத்தான் இருக்கும்.

எஸ்டேட்_பேரன்:
சூரியன் இருக்கிறதுண்ணா! கோடு இல்லை, தட்டில் வைத்தால் லேசாக ஆடுகிறது. உரைத்த இடம் மட்டும் புதுசாகப் பளபளக்கிறது, அதைப் பார்த்தாலே வயிறு எரிகிறது. லண்டனுக்கு அனுப்பிச் சான்றிதழ் வாங்கலாமா?

பழங்காசு_பித்தன்:
நூறு வருடம் தாண்டிய காசு 1972ஆம் ஆண்டு இந்தியத் தொல்பொருள் சட்டப்படி தொல்பொருள், நாமாக வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. எழும்பூர் அருங்காட்சியகத்தில் நாணயப் பிரிவு இருக்கிறது, முதலில் அங்கே போய்க் கேளுங்கள். அப்புறம், வீட்டில் யாரும் புளி போட்டுத் துலக்கிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.