புதுப்பிப்பு: கிளவுடா, தனி சர்வரா? கடைசியில் பாதிப் பாதி

வேளச்சேரியில் நடத்தும் டியூஷன் சென்டரின் வகுப்பு வீடியோக்களுக்குக் கிளவுட் (பயன்படுத்தும் அளவுக்குக் காசு கட்டி இணையம் வழியாக எடுக்கும் வாடகை சர்வர்) பில் எகிறுகிறது, தனி சர்வருக்கு (நமக்கு மட்டுமே என்று ஒரு முழு மெஷின்) மாறலாமா என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

"முதல்ல பில்லைப் பிரிச்சுப் பாருங்க தம்பி" என்று சொன்ன அண்ணனின் யோசனைதான் வேலை செய்தது. பிரித்துப் பார்த்தால் சர்வர் வாடகை கொஞ்சம்தான், பில்லில் பெரும்பங்கு வெளியே போகும் டேட்டாவுக்கு. பசங்க வீடியோ பார்க்கப் பார்க்க ஒவ்வொரு ஜிபிக்கும் மீட்டர் ஓடியிருக்கிறது, ஆட்டோ மாதிரி. அதனால் வீடியோக்களை மட்டும் அம்பத்தூரில் ஒரு டேட்டா சென்டரில் வாடகைக்கு எடுத்த தனி சர்வருக்கு மாற்றினேன், அங்கே பேண்ட்வித், அதாவது வெளியே போகும் டேட்டாவுக்கான செலவு, மாத வாடகையிலேயே அடக்கம். இணையதளமும் டேட்டாபேஸும் கிளவுடிலேயே இருக்கின்றன, பிளஸ் டூ தேர்வு நெருங்கும்போது கூட்டம் ஏறினால் அங்கேதான் சட்டென்று பெரிதாக்க முடியும். மாதச் செலவு இப்போது ஏறக்குறைய பாதி.

எதிர்பாராதவை இரண்டு. கிளவுடில் வீடியோக்கள் இருந்த பழைய மெஷினை நிறுத்திய பிறகும் அதன் டிஸ்க்குக்கும் நிலையான ஐபி முகவரிக்கும் பில் வந்துகொண்டே இருந்தது, நிறுத்தினால் போதாது, அழிக்க வேண்டும். அப்புறம், தனி சர்வரில் மூன்றாவது வாரமே ஒரு டிஸ்க் போனது. ரெய்டு 1 (ஒரே தகவலை இரண்டு டிஸ்க்கிலும் எழுதி வைக்கும் முறை) இருந்ததால் வீடியோக்கள் நிற்கவில்லை, ஆனால் டிஸ்க் மாற்றச் சொல்லி ராத்திரி டேட்டா சென்டருக்கு டிக்கெட் (புகார்) போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தது நான்தான். கிளவுடில் இந்த வேலையே தெரிந்ததில்லை. ரெய்டு இருந்தாலும், தவறுதலாக அழித்த ஃபைல் திரும்ப வராது என்பதால் பேக்கப் தனியாக வேறு இடத்துக்குப் போகிறது.