கதாநாயகனே விருந்தாளி ஆகிப்போன எபிசோடுகள்: உங்கள் அனுபவம்?

தூக்கம்கெட்டவன்
அமெரிக்க நகைச்சுவைத் தொடர் தி ஆஃபீஸின் ஒன்பதாவது சீசனை ராத்திரியோடு ராத்திரியாக ஓட்டிக்கொண்டிருந்தேன். நடுவில் 'தி ஃபார்ம்' என்று ஓர் எபிசோட். ஆபீஸில் வேலை பார்க்கும் பண்ணைக்காரர் டுவைட்டின் அத்தை செத்துப்போகிறார். சாவுக்கு அழைப்பு என்பது எதிராளி மூஞ்சியில் மண்ணை வீசுவது. செம்மண் விழுந்தால் வரலாம், கறுப்பு மண் விழுந்தால் வர வேண்டாம். பெட்டிக்குள் இருப்பவர் நிஜமாகவே செத்தாரா என்று உறுதிசெய்யத் துப்பாக்கியால் வேறு சுடுகிறார்கள். பொய் சொல்லக் கூடாது, நன்றாகவே சிரித்தேன்.

ஆனால் எட்டு வருஷமாக முகமே காட்டாத உடன்பிறப்புகள் திடீரென்று வந்து நிற்கிறார்கள். மூன்று பேரும் சேர்ந்து பண்ணையை நடத்தினால்தான் சொத்து என்று உயில். கடைசியில் குடும்பமே உட்கார்ந்து பாட்டுப் பாடுகிறது. அடுத்த எபிசோடில் ஆபீஸ் பழையபடி ஓடுகிறது, பண்ணை அம்போ! பக்கத்துப் பண்ணைப் பெண் எஸ்தர் மட்டும் அப்புறம் கொஞ்சம் தலைகாட்டினார்.

தேடிப் பார்த்தால் விஷயம் இதுதான்: டுவைட்டை வைத்துத் தனித் தொடர் எடுக்கப் போட்ட பேக்டோர் பைலட் அது, அதாவது புதுத் தொடரின் வெள்ளோட்டத்தை (பைலட்) ஓடுகிற தொடரின் ஓர் எபிசோடாகவே நுழைத்துவிடுவது. 2012 அக்டோபரிலேயே என்பிசி சேனல் வேண்டாம் என்றுவிட்டது. எடுத்ததை என்ன செய்வது? ஆபீஸ் காட்சிகளைச் சேர்த்து 2013 மார்ச்சில் ஒளிபரப்பினார்கள். முன்பு அங்கே வேலை பார்த்த டாட் பேக்கர் மருந்து கலந்த கப்கேக்குகளோடு வந்து எல்லாரையும் பழிவாங்கும் பகுதி அப்படி ஒட்டியதுதான். மறுபடி பாருங்கள், தையல் பளிச்சென்று தெரியும்.

உங்களுக்கும் இப்படி ஏதாவது மாட்டியிருந்தால் எழுதுங்கள்.

நியூஜெர்சி மருமகள்
எனக்கு மாட்டியது தி கோல்டன் கேர்ள்ஸ். ஊரிலிருந்து வந்திருந்த அம்மாவுக்கு ஆங்கிலம் அரைகுறைதான், ஆனாலும் அந்த நான்கு பெண்மணிகள் என்றால் உயிர். ஒரு நாள் மறுஒளிபரப்பில் 1987-இல் வந்த 'எம்ப்டி நெஸ்ட்ஸ்' போட்டார்கள். பக்கத்து வீட்டுத் தம்பதியாக ரீட்டா மொரேனோவும் பால் டூலியும். பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள், கணவருக்கு வேலையே கதி, மனைவிக்குத் தனிமை. பிளான்ச், ரோஸ் எல்லாம் எட்டிப் பார்த்துவிட்டுப் போவதோடு சரி. கொஞ்ச நேரம் பொறுத்த அம்மா, "ஏண்டி, நம்ம பாட்டிகளெல்லாம் எங்கே? இது யார் வீடு?" என்று கேட்டார். சொந்தக் கல்யாணத்தில் மாப்பிள்ளை பந்தி பரிமாறுவதைப் பார்க்கிற முகம்.

ரீட்டா மொரேனோ ஆஸ்கர் வாங்கியவர். அவரைக் குறை சொல்ல மாட்டேன், எழுத்துதான் சவசவ. அந்தத் தம்பதியின் தொடர் வரவே இல்லை. மறுவருஷம் தம்பதியைத் தூக்கிவிட்டு, மனைவியை இழந்த ஒரு டாக்டர், அவர் வீட்டுக்கே திரும்பி வரும் இரண்டு மகள்கள், டிரைஃபஸ் என்ற பெரிய நாய் என்று மாற்றினார்கள். 'எம்ப்டி நெஸ்ட்' என்ற பெயரில் அது 1995 வரை ஓடியது. முதல் முயற்சியில் நடித்த டேவிட் லெஷர் இதிலும் இருக்கிறார், வேறு பாத்திரமாக. அம்மாவுக்கு நாய் பிடித்திருந்தது.

பழைய டேப்
சகோதரி சொன்னதுபோல எழுத்துதான் சிக்கல். அரை மணி நேர இடத்தில் புது ஆட்களை அறிமுகப்படுத்த வேண்டும், பழைய ஆட்களுக்கும் வேலை கொடுக்க வேண்டும். சேனலுக்கோ இதில் லாபம்தான். தனியாக எடுத்த பைலட் தேறாவிட்டால் பெட்டியில் தூங்கும். இது தேறாவிட்டாலும் அந்த வாரத்து எபிசோட் ஆயிற்று, விளம்பரமும் ஆயிற்று.

நான் பார்த்ததில் மோசமானது 1974 ஜனவரியில் வந்த தி பிரேடி பஞ்ச் தொடரின் 'கெல்லிஸ் கிட்ஸ்'. கென் பெரியும் புரூக் பண்டியும் தம்பதியாக வந்து ஒரு வெள்ளைக்காரப் பையனைத் தத்தெடுக்கிறார்கள். பிறகு அநாதை இல்லத்தில் இருந்த அவன் நண்பர்கள் இருவரையும், ஒருவன் கறுப்பினம், ஒருவன் ஆசியன். பக்கத்து வீட்டம்மா முகம் சுளிக்கிறார். எண்ணம் நல்லது, ஆனால் பிரேடி குடும்பம் பெயருக்குத்தான் வந்துபோகிறது. தொடரை உருவாக்கிய ஷெர்வுட் ஷ்வார்ட்ஸ் விடவில்லை, இதே யோசனையை 1986-இல் 'டுகெதர் வீ ஸ்டாண்ட்' என்று மறுபடி கொண்டுவந்தார். அதுவும் நிற்கவில்லை.

ரிமோட் ராணி
மேரீட் வித் சில்ட்ரன் தொடரை மறந்துவிட்டீர்களே! 1995-இல் அந்த வீட்டு மகன் பட் (Bud) படிக்கும் கல்லூரியின் வானொலியை வைத்து 'ரேடியோ ஃப்ரீ ட்ரூமெய்ன்' போட்டார்கள். பழைய பக்கத்து வீட்டு ஸ்டீவ் அங்கே டீனாக வருகிறார். அவரைப் பார்த்த சந்தோஷம் ஒன்றுதான் மிச்சம், மற்றவர்களை நினைவே இல்லை. இந்த வியாதியை 1997-இல் தி சிம்ப்சன்ஸ் ஒரே எபிசோடில் மூன்று போலித் தொடர்களை வைத்துக் கிழித்திருக்கிறது, கட்டாயம் பாருங்கள்.

பழைய டேப்
அப்புறம் தி ஃபேக்ட்ஸ் ஆஃப் லைஃப். 1988-இல் முடியும்போது, நாயகிகளில் ஒருவரான பிளேர் தன் பழைய பெண்கள் பள்ளியையே விலைக்கு வாங்கிப் பையன்களையும் சேர்க்கிறார். ரசிகர்கள் கண்ணைத் துடைக்கும் நேரத்தில் புது மாணவர்கள் வரிசையாக வந்து தங்களை அறிமுகம் செய்துகொண்டிருக்கிறார்கள். அவர்களை வைத்துப் புதுத் தொடர் வரவில்லை. அந்தப் பிள்ளைகளில் பின்னாளில் பெயர் வாங்கிய ஜூலியட் லூயிஸ், மயீம் பியாலிக், செத் கிரீன் மூன்று பேரும் உண்டு. நடிகர் தேர்வு செய்தவருக்குச் சம்பளம் கூட்டிக் கொடுத்திருக்கலாம்.