தசைச் சோர்வு வரம்பு: சோதனையில் மிதித்த அனுபவம்

தங்கை விளையாட்டு அறிவியல் படிக்கிறாள். தசைச் சோர்வு வரம்பைக் கண்டுபிடிக்கும் ஆய்வுக்கு சைக்கிள் மிதிக்க ஆள் வேண்டும் என்றாள், சரி என்றேன். மிதிப்பதைவிட அதற்கு முந்தைய ஏற்பாடுதான் பெரிய வேலை. தொடையின் வெளிப்பக்கத்தில் முடியை மழித்து, ஸ்பிரிட் நனைத்த பஞ்சால் தோல் சிவக்கத் தேய்த்து எலெக்ட்ரோடுகளை ஒட்டினாள். பிசுக்கு இருந்தால் தசையின் மின் சமிக்ஞை ஒழுங்காகக் கிடைக்காதாம்.

நிமிடத்துக்கு 70 மிதி, கூடவும் கூடாது, குறையவும் கூடாது. சுமையை மட்டும் தடவைக்குத் தடவை மாற்றினார்கள், நடுவில் நல்ல ஓய்வு. லேசான சுமையில் இ.எம்.ஜி. கோடு, அதாவது தசையின் மின் சமிக்ஞையைக் காட்டும் கோடு, படுத்தே கிடந்தது. கனமான சுமையில், மிதிக்கும் வேகம் மாறாமலே, கோடு மேலே ஏறியது. உழைக்கிற தசை இழைகள் தளரும்போது அதே விசைக்கு நரம்பு மண்டலம் புது இழைகளைச் சேர்த்துக்கொள்கிறது. தேர் இழுப்பவர்கள் களைக்கக் களைக்க இன்னும் நாலு பேர் வடம் பிடிப்பது மாதிரி.

கூடவே போர்க் அளவுகோல் வேறு. 6 முதல் 20 வரை, எவ்வளவு கஷ்டம் என்று நாமே எண் சொல்ல வேண்டும். நான் 13, அதாவது 'ஓரளவு கடினம்', என்றபோது கோடு ஏற ஆரம்பித்து வெகுநேரம் ஆகியிருந்தது!

ஒவ்வொரு சுமையிலும் கோடு ஏறிய வேகத்தை வாட் கணக்கோடு சேர்த்து வரைந்து, ஏற்றம் பூஜ்யமாகும் இடம்வரை நீட்டுகிறார்கள். அந்த வாட்தான் சோர்வு வரம்பு, அதாவது கோடு ஏறாமல் மிதிக்கக்கூடிய அதிகபட்ச சுமை. மிதிக்கும்போதே 'இதோ வந்துவிட்டது' என்று காட்டுவார்கள் என நினைத்துப் போனவனுக்கு, அப்புறம் உட்கார்ந்து போடும் கணக்கு என்றதும் சப்பென்று ஆகிவிட்டது.

* * *

இதைப் படித்த இன்னொருவரின் பதில்: நான் ஓடுகிறவன், எனக்குச் செய்தது லாக்டேட் சோதனை, அதாவது கடினமாக உழைக்கும்போது ரத்தத்தில் கூடும் லாக்டேட் என்ற பொருளை அளப்பது. டிரெட்மில் வேகத்தைக் கூட்டிக்கொண்டே போய், ஒவ்வொரு கட்டத்திலும் காது மடலில் குத்தி ஒரு சொட்டு ரத்தம். லாக்டேட் லிட்டருக்கு 4 மில்லிமோலைத் தொடும் இடத்தை வரம்பு என்பது பழைய வழக்கம், எல்லாருக்கும் அது பொருந்தாது. ரத்தத்தை வைத்து எந்தத் தசை முதலில் தளர்ந்தது என்றும் சொல்ல முடியாது. எனக்கு எப்போதும் கெண்டைக்கால்தான் முதலில் போகும், அது அந்த அறிக்கையில் எங்கேயும் இல்லை. அந்த வகையில் உங்கள் தங்கையின் முறை மேல். ஆனால் ஓட்டத்தில் வியர்வைக்கு எலெக்ட்ரோடு கழன்றுவிடும். வயரையும் காலோடு சேர்த்து டேப் போடச் சொல்லுங்கள், ஆடினால் அதுவும் சமிக்ஞையோடு கலந்துவிடும்.