கம்பெனி குடுத்த ஒரே டப்பாலதான் மோடமும் வைஃபையும், இதை மாத்திட்டு சொந்த ரூட்டர் போடலாமா?

ஸ்ரீரங்கம்_டீச்சர்:

எல்லாருக்கும் வணக்கம். வீட்டு நெட் பத்தி ஒரு சந்தேகம், விவரம் தெரிஞ்சவங்க கொஞ்சம் பொறுமையா பதில் சொல்லுங்க.

எங்க வீட்டுல பைபர் போட்டு ஒன்றரை வருஷம் ஆகுது, கம்பெனி பேரு வேண்டாம், பிளான் 150 எம்பிபிஎஸ். லைன் இழுக்க வந்த பசங்க ஒரு வெள்ளை டப்பாவ ஹால்ல வாசக்கதவுக்கு மேல ஆணி அடிச்சு மாட்டிட்டு போனாங்க, கம்பத்துல இருந்து ஒயர் வர்றதுக்கு அந்த இடம்தான் கிட்டன்னு. மோடம், ரூட்டர், வைஃபை, லேண்ட்லைன் போன் சொருகுற ஓட்டை எல்லாமே அந்த ஒரே டப்பால. கீழ ஹால்ல உக்காந்தா 40, 45 வரைக்கும் ஸ்பீடு வருது. நான் சாயந்திரம் ப்ளஸ் டூ பசங்களுக்கு ஆன்லைன்ல கணக்கு எடுக்குறது மாடி ரூம்ல, அங்க 5 தாண்ட மாட்டேங்குது. பழைய வீடு, சுவரெல்லாம் நல்ல கனம், நடுவுல கான்கிரீட் தளம் வேற. இன்டெக்ரேஷன் பாதி போட்டுக்கிட்டு இருக்கும்போது "மிஸ் போர்டு தெரியல, குரலும் விட்டு விட்டு வருது"ன்னு பசங்க சொன்னா மனசு ரொம்ப கஷ்டமா இருக்கு, மார்ச்ல அவங்களுக்கு பரீட்சை.

கஸ்டமர் கேருக்கு நாலு தடவ பேசிட்டேன். "எங்க சைடு சிக்னல் நல்லா இருக்கு மேடம், டப்பாவ ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க"ன்னு ஒரே பதில். சரி நானே நல்ல ரூட்டரா வாங்கி வச்சுக்கட்டுமான்னு கேட்டா "வெளி டிவைஸ் போட்டா சப்போர்ட் கிடையாது"ன்னு சொல்லிட்டாங்க. அந்த டப்பாவ தூக்கிட்டு கடைல வாங்குன ரூட்டர்ல நேரா ஒயர சொருகுனா வேலை செய்யுமா? அம்மாவுக்கு லேண்ட்லைன் நம்பர் ரொம்ப முக்கியம், சொந்தக்காரங்க எல்லாரும் அதுலதான் கூப்பிடுவாங்க, அது போயிடக்கூடாது. எதுக்கு எல்லாத்தையும் ஒரே டப்பால வச்சு குடுக்குறாங்கன்னும் யாராவது சொன்னா நல்லா இருக்கும்.

பைபர்_அண்ணன்:

தங்கச்சி, முதல்ல ஒண்ணு, அந்த பைபர் ஒயர கழட்டி வேற எதுலயும் சொருகி பாக்காதீங்க. நான் 11 வருஷமா இந்த லைன் வேலைதான் பாக்குறேன், கழட்டி தூசி பட வச்சுட்டு சிவப்பு லைட் எரியுதுன்னு கூப்பிடற வீடு வாரத்துக்கு ரெண்டாவது இருக்கும்.

அந்த டப்பாக்கு பேரு ஓஎன்டி. உள்ள நாலு வேலை நடக்குது. பைபர்ல வர்ற வெளிச்சத்த டேட்டாவா மாத்துறது ஒரு வேலை, இதுதான் நம்ம பழைய மோடம் செஞ்ச வேலை. அடுத்தது ரூட்டர் வேலை, அதாவது கம்பெனியோட லாகின் பண்ணி ஒரு ஐபி (நெட்ல நம்ம வீட்டு அட்ரஸ் மாதிரி ஒரு நம்பர்) வாங்கி வீட்டுல இருக்குற போன் லேப்டாப் டிவி எல்லாத்துக்கும் பிரிச்சு குடுக்குறது. அப்புறம் வைஃபை. அப்புறம் அந்த லேண்ட்லைன். இதுல முதல் வேலைய மட்டும் கடைல வாங்குற சாதாரண ரூட்டரால செய்யவே முடியாது, அதுல பைபர் சொருகுற இடமே கிடையாது. பைபர் சொருகுற டப்பாவா பாத்து வாங்கிட்டு வந்தாலும் ஜிபான்னு சொல்ற இந்த வகை பைபர் லைன்ல ஒவ்வொரு டப்பாவோட சீரியல் நம்பரையும் கம்பெனி மெஷின்ல ஏத்தி வச்சிருப்பாங்க, ஒரே பைபர 32 வீடு 64 வீடுன்னு பிரிச்சு விடுறதால எந்த வீட்டு டப்பா எப்ப பேசணும்னு அந்த மெஷின்தான் நேரம் ஒதுக்கும், அதுல பதியாத டப்பா பேசவே முடியாது. அதனால ஓஎன்டி இருக்கட்டும், மத்த வேலைய அதுகிட்ட இருந்து புடுங்கிக்கலாம்.

ஏன் ஒரே டப்பான்னு கேட்டீங்க. ரெண்டு டப்பா ரெண்டு அடாப்டர் குடுக்குறத விட ஒண்ணு குடுத்தா கம்பெனிக்கு செலவு கம்மி, வீட்டுக்காரங்களுக்கும் ஒரு பிளக் பாயின்ட் போதும். போன்ல பேசுற ஆளுக்கு ஒரே மாடல்னா எந்த லைட் எரியுதுன்னு கேட்டு சொல்லிடலாம். தூரத்துல இருந்தே செட்டிங் மாத்த டிஆர்-069னு ஒரு வசதி இருக்கு, அதுவும் அவங்க டப்பாலதான் ஒழுங்கா நடக்கும். இதெல்லாம் தப்புன்னு சொல்ல மாட்டேன், ஒரு பெட்ரூம் வீட்டுக்கு இந்த டப்பாவே போதும். ஆனா லட்சக்கணக்குல வாங்கும்போது வைஃபை பாகத்துலதான் காச மிச்சம் புடிக்கிறாங்க, அங்கதான் உங்க பிரச்சினையே.

உங்க 45 கணக்க பாருங்க. ரெண்டு ஆன்டெனா வச்ச 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும் வர்ற டப்பா சாதாரண சேனல் அகலத்துல பேப்பர் கணக்குக்கே 144 எம்பிபிஎஸ்தான், கைக்கு வர்றது அதுல பாதி தேறினாலே பெருசு, அக்கம்பக்கத்து வீட்டு வைஃபை எல்லாம் அதே 1, 6, 11 சேனல்ல நெருக்கிக்கிட்டு நிக்கும். உங்க டப்பாவும் அந்த ரகம்தான் போல, அதாவது நீங்க 150க்கு மாசாமாசம் காசு கட்டுறீங்க, அந்த டப்பாவோட வைஃபைல 150 எந்த நாளும் வராது. லைன்ல கோளாறு இல்லைன்னு அவங்க சொல்றது உண்மையா கூட இருக்கலாம். லேப்டாப்ப லேன் ஒயர்ல சொருகி ஒரு தடவ டெஸ்ட் பண்ணுங்க, அதுல 140க்கு மேல வந்தா லைன் சுத்தம், குத்தம் வைஃபைதான். ஒரு விஷயம் கவனிங்க, பல டப்பால ஒரு லேன் ஓட்டை மட்டும்தான் ஜிகாபிட் (1000 எம்பிபிஎஸ்), மத்ததெல்லாம் 100, அதுல சொருகினா 95ல நின்னுடும். ஜிஇன்னு எழுதியிருக்குற ஓட்டைல சொருகுங்க.

சிங்காநல்லூர்_கஸ்டமர்:

அக்கா நான் சொல்றத கேளுங்க, சொந்த ரூட்டர் எல்லாம் போட்டு தலைவலிய வாங்காதீங்க. எங்க வீட்டுல போன வருஷம் அப்படித்தான் ஒண்ணு வாங்கி மாட்டுனேன், நெட் போனா கம்பெனிக்காரன் என் ரூட்டர் மேல பழி போடுறான், ரூட்டர்காரன் கம்பெனி மேல போடுறான், மூணு நாள் எந்த பக்கமும் வேலை நடக்கல, வீட்டுக்காரி வொர்க் ஃப்ரம் ஹோம் வேற. கடைசில கம்பெனி டப்பாவயே வாசல்ல இருந்து மாடிப்படி திரும்புற இடத்துக்கு மாத்த சொல்லி தனியா காசு குடுத்தேன், பைபர ஒட்டி நீட்டி குடுத்தாங்க, இப்ப மேலயும் கீழயும் சுமாரா வருது. எது கெட்டாலும் ஒரே ஆள கேக்கலாம் பாருங்க, அந்த நிம்மதி பெருசு.

பைபர்_அண்ணன்:

தம்பி சொல்றதுலயும் நியாயம் இருக்கு, இடம் மாத்துறது பாதி வைத்தியம். பைபர நீட்டும்போது மூலைல மடக்கி ஆணி அடிக்க விடாதீங்க, மடங்குனா வெளிச்சம் அங்கயே கசிஞ்சிடும். டப்பாவோட செட்டிங் பேஜ்ல ஆர்எக்ஸ் பவர்னு இருக்கும், டப்பாக்கு வந்து சேர்ற வெளிச்சத்தோட அளவு அது, மைனஸ் 27க்கு கீழ போனா லைன் தடுமாற ஆரம்பிச்சிடும், வேலை முடிச்சதும் அத காட்ட சொல்லி பாத்துட்டுதான் கையெழுத்து போடணும். ஆனா டீச்சர் வீட்டுல கனமான சுவரும் தளமும் இருக்குறதால நான் பைபர தொட மாட்டேன், லேன் ஒயர்தான் மாடிக்கு கொண்டு போவேன். கேட்6ங்கற வகை லேன் ஒயர் 100 மீட்டர் வரைக்கும் தாங்கும், வீட்டுக்குள்ள 20 மீட்டர் தாண்டாது.

டோர்ட்முண்ட்_தமிழன்:

நான் ஜெர்மனில இருக்கேன், இங்க இதே விஷயத்துக்கு பெரிய சண்டையே நடந்துச்சு அதனால எழுதுறேன். முன்னாடி இங்கயும் பல கம்பெனில அவங்க குடுக்குற டப்பாவத்தான் வைக்கணும், லாகின் விவரம் கூட நிறைய பேருக்கு குடுக்க மாட்டாங்க. ஐரோப்பிய யூனியன் 2015ல கொண்டு வந்த ஓப்பன் இன்டர்நெட் விதில எந்த டிவைஸ் வைக்கணும்ங்கறது வாடிக்கையாளர் உரிமைன்னு எழுதுனாங்க, ஜெர்மனில 2016 ஆகஸ்ட் 1ல இருந்து அது தனி சட்டமாவே அமலுக்கு வந்துச்சு. கம்பெனியோட எல்லை சுவத்துல இருக்குற சாக்கெட்டோட முடியுது, அதுக்கு இந்த பக்கம் வைக்கிறது நம்ம இஷ்டம், லாகின் விவரத்த நாம கேக்காமலே காசு வாங்காம குடுக்கணும். இங்க நிறைய வீட்டுல பெர்லின் கம்பெனியோட ஃபிரிட்ஸ்பாக்ஸ் இருக்கும், கடைல வாங்கிட்டு வந்து சொருகிக்குவாங்க. அமெரிக்காலயும் 2020 டிசம்பர்ல இருந்து, சொந்த டிவைஸ் வச்சிருக்கவங்ககிட்ட தராத டப்பாக்கு வாடகை போடக்கூடாதுன்னு சட்டம் வந்துடுச்சு.

அண்ணன் சொன்ன அந்த தூரத்துல இருந்து கன்ட்ரோல் பண்ற வசதி இருக்கே, அதுக்கு இன்னொரு பக்கமும் இருக்கு. 2016 நவம்பர் கடைசில இங்க டாய்ச் டெலிகாம் வாடிக்கையாளர்கள்ல கிட்டத்தட்ட 9 லட்சம் பேருக்கு நெட் படுத்துருச்சு. அந்த ரிமோட் வசதிக்கான 7547ங்கற போர்ட்ட (நெட் வழியா டப்பாக்குள்ள நுழையுற வாசல் நம்பர்) குறி வச்சு மிராய் வைரஸோட ஒரு வகை தாக்குனதுல ரூட்டரெல்லாம் முடங்கி போச்சு. ஊரு முழுக்க ஒரே மாதிரி டப்பா இருந்தா, அதுல இருக்குற ஒரு பாதுகாப்பு ஓட்டை எல்லா வீட்டுக்கும் ஓட்டைதான். அதனால டீச்சர், நீங்க ரூட்டர் மாத்துறீங்களோ இல்லையோ, இன்னைக்கே அந்த டப்பாவோட அட்மின் பாஸ்வேர்ட மாத்திடுங்க. வைஃபை பாஸ்வேர்ட சொல்லல, அது வேற இது வேற. இத நான் கெஞ்சியே கேக்குறேன், நம்ம ஊருல நிறைய வீட்டுல லைன்மேன் போட்டுட்டு போன அட்மின் அட்மின்தான் அப்படியே கிடக்கு.

ஸ்ரீரங்கம்_டீச்சர்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. லேன் ஒயர் டெஸ்ட் பண்ணிட்டேன், முதல்ல ஒரு ஓட்டைல 94 வந்துச்சு, அண்ணன் சொன்ன ஜிஇ ஓட்டைல மாத்தி சொருகினா 148! ஒன்றரை வருஷமா காசு கட்டி இன்னைக்குதான் அந்த நம்பர கண்ணால பாக்குறேன். அட்மின் பாஸ்வேர்டும் மாத்தியாச்சு, சார் சொன்ன மாதிரியே அட்மின் அட்மின்னுதான் இருந்துச்சு, பாத்ததும் பகீர்னு ஆயிடுச்சு. இப்ப மாடில ரூட்டர் வைக்க முடிவு பண்ணிட்டேன். கடைக்காரர் பிரிட்ஜ் மோட்னு ஒண்ணு சொன்னார், அது போட்டா அம்மா லேண்ட்லைன் போயிடுமா?

பைபர்_அண்ணன்:

ரெண்டு வழி இருக்கு தங்கச்சி. லேசானது ஆக்சஸ் பாயின்ட் மோட். லாகின், ஐபி பிரிக்கிறது எல்லாம் பழைய டப்பாவே செய்யும், மாடி ரூட்டர் வைஃபை மட்டும் குடுக்கும். கம்பெனிகிட்ட கேக்கவே வேண்டாம், ரூட்டர் செட்டிங்ல அந்த மோட தேர்ந்தெடுத்தா முடிஞ்சது. அந்த மோட் போடாம சும்மா சொருகிடாதீங்க, ரெண்டும் தனித்தனியா ஐபி பிரிக்க ஆரம்பிச்சு டபுள் நாட்னு சொல்ற சிக்கல் ஆயிடும், கீழ இருக்குற பிரின்டர் மேல தெரியாது.

பிரிட்ஜ் மோட்ல பழைய டப்பா வெறும் மோடமா ஆயிடும், லாகின் உங்க ரூட்டர் செய்யும். அதுக்கு பிபிபிஓஇங்கற லாகினோட யூசர் நேம், பாஸ்வேர்ட், நெட் பாதைக்குன்னு கம்பெனி ஒதுக்கியிருக்குற விலான் நம்பர் மூணும் கம்பெனிகிட்ட வாங்கணும். லேண்ட்லைன் பெரும்பாலும் அந்த டப்பால தனி பாதைல ஓடும், நெட் பாதைய மட்டும் பிரிட்ஜ் பண்ணா போனுக்கு ஒண்ணும் ஆகாது, ஆனா செய்யுற ஆளு தெரிஞ்சு செய்யணும். உங்களுக்கு வேண்டியது மாடில நல்ல வைஃபை, அதுக்கு ஆக்சஸ் பாயின்டே போதும். வெளில இருந்து வீட்டு சிசிடிவி பாக்கணும்னா பிரிட்ஜ் பத்தி யோசிக்கலாம், அப்பவும் ரூட்டருக்கு வர்ற ஐபி 100.64ல இருந்து 100.127க்குள்ள ஆரம்பிச்சா பலன் இல்ல, அது கம்பெனியே பல வீட்டுக்கு பங்கு போட்டு குடுக்குற ஐபி.

5 கிகாஹெர்ட்ஸும் வர்ற ரூட்டரா வாங்குங்க, வாங்குற ரூட்டர்ல எல்லா ஓட்டையும் ஜிகாபிட்டான்னு பெட்டில பாருங்க. மறந்துடாதீங்க, கரண்ட் போனா கீழ டப்பா, மேல ரூட்டர் ரெண்டுக்குமே இன்வெர்ட்டர் லைன் வேணும்.

ஸ்ரீரங்கம்_டீச்சர்:

ஆக்சஸ் பாயின்டே போட்டாச்சு அண்ணா. எலக்ட்ரீஷியன் ஒயர மாடிக்கு ஏத்தி குடுத்துட்டார், கரண்ட் ஒயரோட சேர்த்து விடாதீங்கன்னு நான் சொன்னதால தனி பைப் பாத்து விட்டார். மாடி ரூம்ல இப்ப 130 வருது. நேத்து 6 மணி கிளாஸ்ல ஒரு பொண்ணு "மிஸ் இன்னைக்கு எல்லாமே தெளிவா தெரியுது"ன்னு மெசேஜ் போட்டா. அம்மா போனும் பழையபடி அடிக்குது. கஸ்டமர் கேர்ல இருந்து நேத்து கூப்பிட்டாங்க, விஷயத்த சொல்லிட்டு பிபிபிஓஇ விவரமும் விலான் நம்பரும் எழுத்துல வேணும்னு கேட்டிருக்கேன், இப்ப தேவை இல்லைன்னாலும் நான் காசு கட்டுற லைனோட விவரம் என் கைல இருக்கணும். மெயில் அனுப்புறோம்னு சொல்லியிருக்காங்க. வந்ததும் இங்க எழுதுறேன்.